கேட்டால் எடுத்துக்கொடுக்க அவர்களிடம் என்ன இருக்கிறது? இணையக் கண்காணிப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2025 டிசம்பர் முதல் வாரம். இந்தியாவில் விற்கும் புதிய போன்கள் எல்லாவற்றிலும் சஞ்சார் சாத்தி என்ற அரசுச் செயலியை முன்கூட்டியே போட்டுத்தான் விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்ட செய்தி வெளியான சமயம். தெருமுனை டீக்கடையில் பக்கத்து வீட்டு அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இனிமே நாம பேசுறதெல்லாம் டெல்லியில உக்காந்து கேப்பாங்களாமே?"

டிசம்பர் 3-ஆம் தேதி அந்தக் கட்டாயத்தை அரசே விலக்கிக்கொண்டது. அண்ணனின் பயமும் அன்றோடு போய்விட்டது. எனக்கு அதுதான் உறுத்தலாக இருந்தது. அந்தச் செயலி வந்தாலும் வராவிட்டாலும், அண்ணன் யாருக்கு எப்போது போன் செய்தார் என்ற பட்டியல் சிம் கம்பெனியிடம் குறைந்தது இரண்டு வருடம் இருக்கும். அவருடைய வாட்ஸ்அப் பேச்சு முழுக்க, பூட்டு இல்லாத பேக்கப்பாக, கூகுள் டிரைவில் தூங்குகிறது. இரண்டுமே அவருக்குத் தெரியாது.

இந்தக் கட்டுரை அவரைப் போன்றவர்களுக்கு. கணினி அறிவு வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

முதலில்: எந்த வாசல் வழியாக வருகிறார்கள்

அரசுக் கண்காணிப்பு என்றதும் இருட்டறையில் ஹெட்போன் மாட்டிய ஆள்தான் நினைவுக்கு வருகிறார். நடப்பது பெரும்பாலும் அதைவிடச் சலிப்பூட்டும் வேலை. ஒரு கடிதம் போகும், ஒரு கோப்பு திரும்பி வரும்.

முதல் வாசல், சிம் கம்பெனி. யார் யாரை அழைத்தார், எத்தனை நிமிடம், எந்த டவர், எந்த ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்புக்கான எண்) என்ற விவரங்களைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனைகள் மாற்றப்பட்டன. போலீசார் சி.டி.ஆர். என்று சொல்வது இதைத்தான். இதை வாங்க உள்துறைச் செயலரின் உத்தரவு தேவையில்லை, வழக்கை விசாரிக்கும் போலீஸ் தரப்பே கேட்டு வாங்கலாம். பேச்சையே ஒட்டுக்கேட்க வேண்டுமென்றால்தான் உள்துறைச் செயலர் உத்தரவு.

இரண்டாவது வாசல், இணைய நிறுவனங்கள். கூகுள், மெட்டா போன்றவற்றுக்குக் கோரிக்கை அனுப்பிக் கணக்கு விவரங்களைப் பெறுவது. மெட்டா வெளியிடும் அறிக்கைகளில், மிக அதிகக் கோரிக்கைகள் அனுப்பும் நாடுகளில் ஒன்றாகப் பல ஆண்டுகளாக இந்தியா இருந்துவருகிறது.

மூன்றாவது, உங்கள் போனையே கையில் வாங்குவது. நான்காவது, பெகாசஸ் போன்ற உளவு மென்பொருளைப் போனுக்குள் நுழைப்பது. இது செலவு பிடித்த வேலை, எல்லோர் மீதும் செய்ய முடியாது. ஆனால் செய்திகளில் அதிகம் வருவது இதுதான். அதனால்தான் மக்கள் நான்காவது வாசலுக்குப் பூட்டுத் தேடிக்கொண்டே முதல் இரண்டையும் திறந்துபோட்டு வைக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். போன் ஒட்டுக்கேட்புக்கு நீண்ட காலம் 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம்தான் ஆதாரம். இப்போது அந்த இடத்தில் 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் 2024 டிசம்பரில் வந்த விதிகளும் இருக்கின்றன. இணையத் தகவல்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, 2009-ஆம் ஆண்டின் விதிகள். வழக்கமான நடைமுறையில் உத்தரவு போடுபவர் மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலர். உத்தரவு 60 நாள் செல்லும், நீட்டித்தால் மொத்தம் 180 நாள் வரை போகலாம். அதைச் சரிபார்க்கும் குழுவில் இருப்பவர்களும் செயலர்கள்தான். எந்தக் கட்டத்திலும் நீதிபதி கிடையாது.

இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதற்கு ஒரு கணக்கு. மாதம் 7,500 முதல் 9,000 வரை தொலைபேசி ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் மத்திய அரசால் போடப்படுவதாக 2013-ல் ஒரு ஆர்டிஐ பதிலில் வெளியே வந்தது. சரிபார்ப்புக் குழு கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அதாவது ஒரே கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் படித்து முடிக்க வேண்டும். இது நடக்கிற காரியமா என்று நான் கேட்கவில்லை. அரசே அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல் தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது.

நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. ஒட்டுக்கேட்புக்கு நடைமுறைக் கட்டுப்பாடு வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. நம் பக்கத்திலும் ஒன்று நடந்தது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒரு லஞ்ச வழக்குக்காக 2011-ல் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். பொது அவசர நிலை, பொதுப் பாதுகாப்பு இரண்டில் ஒன்று இருந்தால்தான் சட்டம் அனுமதிக்கிறது, குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக ரகசியமாகக் கேட்பது அதில் அடங்காது என்றார். டெல்லி உயர் நீதிமன்றம் இன்னொரு ஊழல் வழக்கில் வேறு மாதிரி பார்த்திருக்கிறது. விஷயம் இன்னும் முடியவில்லை.

2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். கம்பெனிகளிடமிருந்து ஓரளவு காப்பாற்றும். அரசு தான் அறிவிக்கும் அமைப்புகளுக்கு அந்தச் சட்டத்திலிருந்தே விலக்குக் கொடுத்துக்கொள்ள 17-ஆம் பிரிவில் கதவு வைத்திருக்கிறது.

ஆக, நம் கையில் இருக்கும் வேலை ஒன்றுதான். சிம் கம்பெனியிடமும் இணைய நிறுவனங்களிடமும் நம்மைப் பற்றி எவ்வளவு கிடக்கிறது என்பதைக் குறைப்பது. இல்லாததை யாரும் கடிதம் போட்டு வாங்க முடியாது. கீழே வரும் படிகள் எல்லாமே அதை ஒட்டித்தான்.

படி 1: ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்

செயலிகளைத் தேடுவதற்கு முன் பேனாவை எடுங்கள். என்னிடம் வெளியே போகக் கூடாதது எது? யார் கைக்குப் போகக் கூடாது? போனால் யாருக்குப் பாதிப்பு?

மூன்றாவது கேள்வியில்தான் பலர் நிற்பார்கள். சாதாரண வேலையில் இருப்பவருக்குப் பதில் "எனக்கு, கொஞ்சம் சங்கடம்" என்பதாக இருக்கலாம். ஒரு நிருபருக்கோ, வழக்கறிஞருக்கோ, தொழிற்சங்கக்காரருக்கோ, ஊரில் மணல் கொள்ளையைப் பற்றி மனு போட்டவருக்கோ பதில் வேறு: "என்னை நம்பிப் பேசியவருக்கு." முதல் வகை என்றால் படி 6 வரை செய்தால் போதும். இரண்டாம் வகை என்றால் கடைசி வரை படியுங்கள்.

"நான் தப்பு செய்யவில்லை, எனக்கு எதற்கு?" என்பவர்களுக்கு ஒரே வார்த்தை. உங்கள் போனில் உங்கள் ரகசியம் மட்டும் இல்லை. தங்கச்சியின் ஸ்கேன் ரிப்போர்ட்டும் நண்பனின் கடன் பேச்சும் அதில்தான் இருக்கின்றன.

படி 2: போனின் பூட்டு

நான்கு இலக்க எண் பூட்டு அல்ல. பிறந்த வருடம் என்றால் நிச்சயமாக அல்ல. குறைந்தது ஆறு இலக்கம், முடிந்தால் எழுத்தும் எண்ணும் கலந்த கடவுச்சொல். நீளம் முக்கியம். "மாங்காய்47ரயில்திண்ணை" மாதிரி உங்களுக்கு மட்டும் படம் விரியும் சொற்கோவையை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்துகொள்ளலாம். இதையே வைத்துவிடாதீர்கள், இது இப்போது அச்சில் வந்துவிட்டது.

கைரேகை வசதியானது, தினசரி பயன்பாட்டுக்குத் தப்பில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் கைரேகையும் கடவுச்சொல்லும் ஒன்றல்ல. கைரேகை கொடுப்பது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது. கடவுச்சொல்லைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. ஆகவே போராட்டத்துக்கோ விமான நிலையத்துக்கோ போகும்போது போனை ஒரு முறை அணைத்துப் போட்டால், கடவுச்சொல் இல்லாமல் திறக்காது. இது தெரிந்திருப்பது நல்லது.

அப்புறம், அப்டேட். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போகும் அந்த அறிவிப்புதான் உளவு மென்பொருள் நுழையும் ஓட்டைகளை அடைக்கிறது. பழைய போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவதே நின்றுவிட்டதென்றால், ரகசியப் பேச்சுக்கு அந்தப் போனை நம்பாதீர்கள்.

படி 3: பேச்சு, அதாவது வாட்ஸ்அப்பும் மற்றவையும்

இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் எல்லாப் பேச்சும் இங்கேதான் நடக்கிறது.

வாட்ஸ்அப் 2016-லிருந்து எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் தருகிறது. அதாவது அனுப்பும் போனில் பூட்டப்பட்ட செய்தி, வாங்கும் போனில்தான் திறக்கும். நடுவில் வாட்ஸ்அப் நிறுவனமே படிக்க முடியாது. இது உண்மை. இதோடு நிறுத்திக்கொள்பவர்கள் இரண்டு விஷயத்தை விடுகிறார்கள்.

ஒன்று, பேக்கப். தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் பேச்சு முழுக்க கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகிறதே, அதற்குத் தனிப் பூட்டு 2021-ல்தான் வந்தது, அதுவும் நாமே போட்டால்தான் உண்டு. செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போனால் எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்டட் பேக்கப் என்று ஒரு வரி இருக்கும். அதை இயக்குங்கள். கடவுச்சொல் அல்லது 64 இலக்க எண்ணைக் கேட்கும். மறந்தால் வாட்ஸ்அப்பாலும் திறந்து தர முடியாது. அது குறையில்லை, அதுதான் அதன் வேலையே. பேக்கப்பே வேண்டாம் என்றால் இன்னும் எளிது, நிறுத்திவிடுங்கள். உங்களிடம் பூட்டு இருந்து எதிராளியிடம் இல்லாவிட்டால் அதே பேச்சு அவர் டிரைவில் கிடக்கும் என்பதால், நெருக்கமான நாலு பேரையாவது செய்யச் சொல்லுங்கள்.

இரண்டு, மெட்டாடேட்டா. கடிதத்தைப் பிரிக்காமலேயே உறையின் மேல் பார்த்தால் தெரிவதெல்லாம் இது: யாருக்கு, எப்போது, எந்த ஐபி முகவரியிலிருந்து. ராத்திரி பதினொன்றரைக்கு மனநல மருத்துவருக்கு நாற்பது நிமிடம் பேசியவர் என்ன பேசினார் என்று கேட்டுத்தான் தெரிய வேண்டுமா? இந்த உறையை வாட்ஸ்அப்பால் பார்க்க முடியும், சட்டப்படி கேட்டால் கொடுக்கவும் முடியும்.

இதனால்தான் தெரிந்தவர்கள் சிக்னல் என்ற செயலியைச் சொல்கிறார்கள். 2021-ல் அமெரிக்காவில் நீதிமன்ற ஆணை வந்தபோது சிக்னல் அமைப்பால் கொடுக்க முடிந்தவை இரண்டே: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நேரம். மறைக்கவில்லை, வேறு எதையும் சேமித்திருக்கவில்லை. 2024-லிருந்து போன் எண்ணைக் காட்டாமல் பயனர் பெயர் வைத்துப் பேசவும் முடிகிறது. குறை என்னவென்றால் உங்கள் சித்தப்பா அங்கே வர மாட்டார். பரவாயில்லை, சித்தப்பாவோடு வாட்ஸ்அப்பில் குட் மார்னிங் பரிமாறிக்கொள்ளுங்கள். ரகசியம் பேச வேண்டிய மூன்று பேர் சிக்னலில் இருந்தால் போதும்.

டெலிகிராம் பற்றி நம்மவர்களிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அங்கே சாதாரண அரட்டைக்கு எண்ட்-டு-எண்ட் பூட்டு கிடையாது. "சீக்ரெட் சாட்" என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு, குழுக்களுக்கு அதுவும் இல்லை. அதன் நிறுவனர் பாவெல் துரோவ் பிரான்சில் கைதானதற்கு அடுத்த மாதம், 2024 செப்டம்பரில், சட்டப்பூர்வக் கோரிக்கை வந்தால் எண்ணையும் ஐபி முகவரியையும் தருவோம் என்று விதியை மாற்றிக்கொண்டார்கள்.

நம் ஊர் ஜோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செயலி? 2025 செப்டம்பரில் எல்லோரும் போய்க் குவிந்தபோது அழைப்புகளுக்கு எண்ட்-டு-எண்ட் பூட்டு இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. இன்றைய நிலையை அதன் செட்டிங்ஸில் பார்த்து முடிவு செய்யுங்கள். ஊர்ப்பாசம் வேறு, பூட்டு வேறு.

இந்தப் பூட்டை உடைக்கச் சொல்லும் அழுத்தத்துக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்க வேண்டும் என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் போடப்பட்டன. அது மெல்ல, ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக மாறியது. முடியும் என்று சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி 2019-ல் ஒரு வழியை முன்வைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகளோ, 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள செய்திச் செயலிகள், ஆணை வந்தால் முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்டியே ஆக வேண்டும் என்றன. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பூட்டை உடைக்கச் சொன்னால் நாட்டைவிட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அவர்கள் வழக்கறிஞர் சொன்னார். என் கருத்து, யார் முதலில் அனுப்பினார் என்று தெரிய வேண்டுமென்றால் எல்லோர் அனுப்பியதிலும் அடையாளம் வைக்க வேண்டியிருக்கும். ஒரு திருடனைப் பிடிக்க ஊரில் எல்லார் சாவிக்கும் நகல் எடுத்து வைப்பது போல.

கடைசியாக ஒரு சின்ன வேலை: மறையும் செய்திகள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. புதிய அரட்டைகள் எல்லாவற்றுக்கும் 90 நாள் என்று வைத்துவிட்டேன். இதுவரை எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை.

படி 4: கூகுள் சேர்த்துவைத்த மூட்டை

கூகுள் கணக்கில் மை ஆக்டிவிட்டி பக்கத்தைத் திறந்து பாருங்கள். கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு திறங்கள். எந்த வருடம் எந்த வியாதியைத் தேடினீர்கள் என்று உங்களுக்கே மறந்தது அங்கே வரிசையாக இருக்கலாம்.

மூன்று பொத்தான்கள். வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டியை நிறுத்துங்கள், அல்லது 3 மாதத்தில் தானாக அழியும்படி வையுங்கள். யூடியூப் வரலாறுக்கும் அதே. டைம்லைன் என்ற இடப்பதிவை 2024-லிருந்து கூகுள் தன் சர்வரிலிருந்து போனுக்கே மாற்றத் தொடங்கியது. உங்களுக்கு அது தேவையே இல்லை என்றால் அணைத்துவிடுங்கள். பிறகு, உள்நுழைவுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். எஸ்எம்எஸ் ஓடிபியைவிட, போனிலேயே எண்ணை உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலி அல்லது கடவுச்சொல்லுக்குப் பதில் போனின் பூட்டாலேயே உள்நுழைய வைக்கும் பாஸ்கீ நல்லது, ஏனென்றால் எஸ்எம்எஸ் சிம் கம்பெனியின் கை வழியாகத்தான் வருகிறது.

ஐபோன்காரர்களுக்கு அட்வான்ஸ்டு டேட்டா ப்ரொடெக்ஷன் என்று ஒரு வசதி உண்டு. இயக்கினால் ஐகிளவுடில் பெரும்பாலானவற்றை ஆப்பிளாலும் திறக்க முடியாது. பிரிட்டிஷ் அரசு ரகசிய ஆணை போட்டதால் 2025 பிப்ரவரியில் அந்த நாட்டில் மட்டும் ஆப்பிள் இதை விலக்கிக்கொண்டது. ஒரு பூட்டு எவ்வளவு உறுதி என்று தெரிய, அதைக் கண்டு யாருக்குக் கோபம் வருகிறது என்று பார்த்தாலே போதும்.

படி 5: இணைப்பு, விபிஎன் பற்றிய உண்மை

ஒரு தளத்துக்குப் போகும்போது, அதன் முகவரி https என்று தொடங்கினால், அங்கே என்ன படிக்கிறீர்கள் என்பது உங்களுக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்குத் தெரியாது. எந்தத் தளம் என்பது தெரியும். ஆண்ட்ராய்டில் நெட்வொர்க் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் என்பதைத் திறந்து குவாட்9, கிளவுட்ஃப்ளேர் போன்ற பெயர்த்தேடல் சேவை ஒன்றைப் போட்டால், தளத்தின் பெயரைக் கேட்கும் பேச்சு மறையும். முழுக்க மறையாது, பெயர் கசியும் வேறு வழிகள் உண்டு.

விபிஎன் விளம்பரங்களை நம்பி ஏமாறாதீர்கள். விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை இன்னொரு கம்பெனியின் சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவை. சிம் கம்பெனிக்குத் தெரிந்ததை விபிஎன் கம்பெனிக்குத் தெரியும்படி மாற்றுவது, அவ்வளவுதான். இலவசம் என்றால் பெரும்பாலும் உங்கள் தகவல்தான் விலை. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தியக் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி, எதற்காக வாங்கினார் என்பது வரை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ் விபிஎன், நார்டு விபிஎன், சர்ஃப்ஷார்க் போன்றவை இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. ரயில் நிலைய வைஃபையில் உட்காரும்போது நல்ல விபிஎன் உதவும். உங்கள் சொந்தக் கூகுள் கணக்கில் உள்நுழைந்துவிட்டு விபிஎன் போடுவதோ, முகமூடி போட்டுக்கொண்டு ஆதார் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்ட மாதிரி.

படி 6: சிம், ஆதார், ஜெராக்ஸ் கடை

பயமுறுத்திய அதே சஞ்சார் சாத்தியின் இணையதளம் இங்கே உதவுகிறது. செயலி வேண்டாம், பிரவுசரில் போங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்டும். உங்களுக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே "இது என்னுடையதல்ல" என்று சொல்லலாம். யாரோ உங்கள் பெயரில் வாங்கிய சிம்மில் செய்த காரியத்துக்கு விசாரணை முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

ஆதாருக்கு மூன்று: கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை இறக்கிப் பயன்படுத்துங்கள். பயோமெட்ரிக்கைப் பூட்டிவைத்துத் தேவைப்படும்போது மட்டும் திறங்கள். எங்கெல்லாம் உங்கள் ஆதார் சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றை மாதம் ஒரு முறை பாருங்கள். புதிய சிம்முக்கு ஆதார்தான் வேண்டும் என்று கடைக்காரர் அடம்பிடித்தால், கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஓட்டுநர் உரிமத்தை நீட்டுங்கள்.

என் கதை ஒன்று. அவசரத்துக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப்பில் ஆதாரை அனுப்பி அச்செடுத்தேன். இரண்டு வாரம் கழித்து வேறு வேலையாகப் போனபோது கடைக் கணினியின் திரையில் பாதி ஊரின் ஆதார் கோப்புகள், என்னுடையது மூன்றாவது வரிசையில், கண்ணாடி இல்லாத அந்தப் பழைய போட்டோவோடு. அழிக்கச் சொன்னேன். "அட, அது கிடக்கட்டும் சார்" என்றார் கடைக்காரப் பையன். நின்று அழிக்க வைத்துவிட்டுத்தான் வந்தேன். அரசு வேண்டாம், முதலில் இதைச் சரி செய்வோம் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

படி 7: உளவு மென்பொருள், எல்லோருக்கும் அல்ல

தாளில் "என்னை நம்பிப் பேசியவருக்கு" என்று எழுதியவர்கள் மட்டும் இதைப் படித்தால் போதும்.

இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ், 2019-ல் வாட்ஸ்அப்பில் இருந்த ஒரு ஓட்டை வழியாக உலகம் முழுக்கச் சுமார் 1,400 போன்களைக் குறிவைத்தது. அதில் இந்தியப் பத்திரிகையாளர்களும் மனித உரிமைக்காரர்களும் இருந்தார்கள். பெகாசஸின் குறியில் இருந்திருக்கலாம் என்று சொல்லப்பட்ட எண்களின் இன்னும் பெரிய பட்டியல் 2021 ஜூலையில் வெளிவந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களை ஆராய்ந்து ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்ததாகவும் அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் 2022-ல் அறிக்கை தந்தது. அரசு ஒத்துழைக்கவில்லை என்று அந்தக் குழு சொன்னதாகத் தலைமை நீதிபதி ரமணா நீதிமன்றத்திலேயே கூறினார். 2023 அக்டோபர் கடைசியில் மஹுவா மொய்த்ரா, சசி தரூர் உள்ளிட்ட எதிர்க்கட்சி எம்பிக்களுக்கு, அரசு ஆதரவு பெற்ற ஆட்கள் உங்கள் போனைக் குறிவைத்திருக்கலாம் என்று ஆப்பிளிடமிருந்து எச்சரிக்கை வந்தது.

இந்த மென்பொருள் உள்ளே வந்துவிட்டால் சிக்னலும் உதவாது, ஏனென்றால் நீங்கள் படிக்கும் திரையை அதுவும் படிக்கும். செய்யக்கூடியவை: ஐபோனில் லாக்டவுன் மோடு, ஆண்ட்ராய்டு 16-ல் அட்வான்ஸ்டு ப்ரொடெக்ஷன். சில வசதிகள் போய்விடும், தாங்கிக்கொள்ளலாம். தினமும் ஒரு முறை போனை அணைத்துப் போடுங்கள். இவ்வகை மென்பொருள்களில் சில மறுதொடக்கத்தைத் தாங்குவதில்லை. கூரியர், மின்கட்டணம் என்று வரும் இணைப்புகளைத் தொடாதீர்கள். உண்மையிலேயே முக்கியமான பேச்சுக்குப் போனை வீட்டில் வைத்துவிட்டு, நடந்தே போங்கள். எல்லாவற்றிலும் மலிவான வழி அதுதான்.

கதவைத் தட்டினால்

இது சட்ட ஆலோசனை அல்ல, வழக்கறிஞர் எண்ணைத் தாளில் எழுதிப் பர்ஸில் வைப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை மட்டும்.

போலீஸ் ஆவணங்களையோ சாதனங்களையோ கேட்டால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், எந்தப் பிரிவு என்று பாருங்கள். 2024 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு இதற்கானது. 105-ஆம் பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். போனை எடுத்துக்கொண்டால் கைப்பற்றல் பட்டியலின் நகலை வாங்குங்கள், ஹாஷ் எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். எடுத்த அன்று போனில் இருந்ததற்கும் பிறகு இருப்பதற்கும் வித்தியாசம் வந்தால் அந்த எண் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 69-ஆம் பிரிவின் கீழ் முறையான உத்தரவு வந்து, திறந்து தர உதவ மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. விசாரணை தொடங்கிய பிறகு செய்திகளை அழிப்பது ஆதாரத்தை அழித்ததாகும், தனிக் குற்றம். ஆகவே ஒழுங்குபடுத்துவதையெல்லாம் அமைதியான நாளில் செய்யுங்கள். வருமான வரிக்காரர்களுக்கும் 2026 ஏப்ரல் முதல் பொருந்தும் புதிய சட்டம், சோதனையின்போது மின்னஞ்சல், சமூக ஊடகம், கிளவுட் போன்றவற்றைக் கடவுச்சொல்லைத் தாண்டியும் திறக்க அதிகாரம் தருகிறது. வியாபாரம் செய்பவர்கள் குடும்பப் பேச்சையும் கடைக் கணக்கையும் ஒரே மின்னஞ்சலில் போட்டு வைக்காதீர்கள்.

அண்ணன் கதையை முடித்துவிடுகிறேன். அடுத்த ஞாயிறு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்றே மூன்று வேலை செய்தோம்: ஆறு இலக்கப் பூட்டு, வாட்ஸ்அப் பேக்கப்புக்குக் கடவுச்சொல், கூகுள் வரலாறு 3 மாதத்தில் அழியும்படி. இருபத்தைந்து நிமிடம் ஆனது. மை ஆக்டிவிட்டியைப் பார்த்தபோது மட்டும் அவர் போனை என்னிடமிருந்து வாங்கித் தானே அழித்துக்கொண்டார், நானும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து டீக்கடைக்குப் போனால், "மறந்துடக் கூடாதுல்ல தம்பி" என்று சிரிக்கிறார். கடைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் அட்டையில், பெரிய எழுத்தில், அவருடைய பேக்கப் கடவுச்சொல்.